மானிய ஒப்பந்தத்தில் ஒரு புகையிலை நிபந்தனை: எழுதுவது முதல் நடைமுறைப்படுத்துவது வரை

அரசுப் பணம் எத்தனையோ கைகளுக்குப் போகிறது. பள்ளிகள், மருத்துவமனைகள், போதை மறுவாழ்வு மையங்கள், முதியோர் இல்லங்கள், விளையாட்டுக் கழகங்கள், நாடகக் குழுக்கள், ஆய்வகங்கள் என்று பட்டியல் நீளும். பணம் வாங்கும்போது இந்த அமைப்புகள் ஏற்கெனவே பல நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போடுகின்றன. கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், குழந்தைகள் பாதுகாப்புக்கு விதிமுறை இருக்க வேண்டும், யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது. அந்த வரிசையில் புகையிலையையும் சேர்ப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

இந்த வழியின் பெரிய வசதி, பெரும்பாலும் புதிய சட்டம் தேவைப்படாது என்பது. மானியம் தரும் துறைக்கோ வாரியத்துக்கோ தன் ஒப்பந்தப் படிவத்தை மாற்றும் அதிகாரம் இருந்தால் போதும். புகையிலையால் உலகில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவ்வளவு பெரிய பிரச்சினைக்கு ஒப்பந்தத்தில் ஒரு பத்தி எழுதுவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பத்தி போய்ச் சேரும் இடங்களைப் பாருங்கள். சட்டம் எளிதில் எட்டாத விடுதி அறைகள், மறுவாழ்வு மையத்தின் கொல்லைப்புறம், கழகத்தின் பேருந்து என்று அது உள்ளே நுழைகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நிபந்தனையின் பலம் பணத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டலில் இல்லை. விண்ணப்பம் போட நினைப்பதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் இடையில் இருக்கும் சில மாதங்களில்தான் இருக்கிறது. அப்போதுதான் அமைப்பின் தலைவர் உட்கார்ந்து, “நம்மிடம் இப்படி ஒரு விதி இருக்கிறதா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க வைப்பதும், பதில் எழுத உதவுவதும்தான் உங்கள் வேலை.

படி 1: எந்தப் பணத்தில் நிபந்தனை வைக்கலாம் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லா நிதியும் இதற்கு ஏற்றதல்ல. உங்கள் துறை தரும் பணத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த வேலைக்கு, எத்தனை தவணையில். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் மானியங்களும், பல ஆண்டுச் சேவை ஒப்பந்தங்களும்தான் முதல் இலக்கு. அமைப்பு அடுத்த ஆண்டும் உங்களிடம் வரும் என்பதால் பேச்சுவார்த்தை தொடரும். கட்டடம் கட்டத் தரும் பணமும் நல்ல வாய்ப்பு, ஏனென்றால் கட்டடம் திறக்கும் நாளிலிருந்தே புகையில்லா இடமாக அதைத் தொடங்கிவிடலாம். வெள்ள நிவாரணம் போன்ற அவசர உதவியில் இதை நுழைக்காதீர்கள். அது மனிதாபிமானமும் இல்லை, நிபந்தனைக்கும் கெட்ட பெயர்.

அடுத்து அதிகாரம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் சட்டப் பிரிவிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் எங்கிருப்பவருக்கும் நல்ல அளவுகோலாகப் பயன்படும். நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தை நிறுத்திவைப்போம் என்று சொல்லி, மதுவுக்கான குறைந்தபட்ச வயதை 21 ஆக்க மாநிலங்களைத் தூண்டிய சட்டத்தை அந்த நீதிமன்றம் 1987ல் ஏற்றது. நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும், நிதியின் நோக்கத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், தூண்டுதல் கட்டாயமாக மாறக் கூடாது என்பது அதன் சாரம். 2012ல் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்க வழக்கில், ஒரு மாநிலத்துக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் மொத்த நிதிக்கே ஆபத்து வரும் என்றால் அது தூண்டுதல் அல்ல, நிர்ப்பந்தம் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

மூன்றாவது தீர்ப்பு 2013ல் வந்தது, தன்னார்வ அமைப்புகளைப் பற்றியது. எய்ட்ஸ் ஒழிப்பு நிதி வாங்கும் அமைப்புகள் பாலியல் தொழிலுக்கு எதிரான நிலைப்பாட்டைத் தங்கள் கொள்கையாகவே அறிவிக்க வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நமக்கு இதில் கிடைக்கும் பாடம் எளிது. அமைப்பு என்ன செய்கிறது என்பதைக் கேளுங்கள், என்ன நம்புகிறது என்பதைக் கேட்காதீர்கள். “வளாகத்தில் புகை இருக்காது” என்பது நியாயமான நிபந்தனை. “புகையிலை ஒழிப்புக்கு ஆதரவாக அறிக்கை வெளியிடுங்கள்” என்பது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

படி 2: என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை நான்கு விஷயங்களுக்குள் அடக்குங்கள்

முதலாவது, இடம். கட்டடத்தின் உட்பகுதி முழுவதும், வாகனங்கள், முடிந்தால் வாசலும் வளாகமும். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு ஒப்பந்தம் 2003ல் ஏற்கப்பட்டு 2005ல் நடைமுறைக்கு வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. அதன் 8ஆம் பிரிவு பிறர் விடும் புகையிலிருந்து பாதுகாப்பைப் பற்றியது. அதற்கு 2007ல் எழுதப்பட்ட வழிகாட்டுதல்கள், காற்றோட்டக் கருவியோ புகைபிடிக்கத் தனி அறையோ பாதுகாப்பு ஆகாது என்று தெளிவாகச் சொல்கின்றன. எனவே “தனி அறை ஒதுக்கலாம்” என்ற சமரசத்தை வரைவில் விட்டுவைக்காதீர்கள். ஒருமுறை அறை கட்டிவிட்டால் அதற்குச் செலவான பணமே அதைக் காப்பாற்றும் வாதமாகிவிடும்.

இரண்டாவது, பொருள். இங்கேதான் பெரும்பாலான வரைவுகள் சறுக்குகின்றன. அமெரிக்காவின் வீட்டு வசதித் துறை பொதுக் குடியிருப்புகளைப் புகையில்லாதவையாக மாற்ற 2016 இறுதியில் விதி கொண்டுவந்தது. அது பற்றவைத்துப் புகைக்கும் பொருள்களை மட்டுமே தடுத்தது, மின்சிகரெட் அதற்குள் வரவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனம் வேறு விதமாக எழுதியது. சிகரெட், சுருட்டு, ஹூக்கா, பீடி, மின்சிகரெட், மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அதோடு “இவை மட்டுமல்லாமல்” என்றும் சேர்த்தது. இரண்டாவதைப் பின்பற்றுங்கள். மெல்லும் புகையிலை அதிகமாக உள்ள இடங்களில் “புகைத்தல்” என்ற சொல்லோடு நின்றுவிட்டால் விதிமுறை பாதிப் பிரச்சினையைத் தொடவே தொடாது. நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் போன்ற சிகிச்சைப் பொருள்களுக்கு விலக்கு என்று ஒரு வரி போடவும் மறக்க வேண்டாம். இல்லையென்றால் விட முயல்பவரையே தண்டிப்பதாகிவிடும்.

மூன்றாவது, பணத் தொடர்பு. மானியம் வாங்கும் அமைப்பு புகையிலை நிறுவனங்களிடமிருந்து நன்கொடை, விளம்பர ஆதரவு, ஆய்வு நிதி, பரிசு எதையும் வாங்கக் கூடாது. அதே உலக ஒப்பந்தத்தின் 5.3 பிரிவு, புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து பொது சுகாதாரக் கொள்கைகளைக் காக்கச் சொல்கிறது. 13ஆம் பிரிவு விளம்பரத்தையும் புரவலர் ஆதரவையும் தடுக்கச் சொல்கிறது. நேரடி நிறுவனம் மட்டுமல்ல, அதன் பணத்தில் நடக்கும் அறக்கட்டளையும் மூடிமறைத்த துணை நிறுவனமும் இதில் அடங்கும் என்று எழுதுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1987ல் தொடங்கிய விக்ஹெல்த் என்ற சுகாதார மேம்பாட்டு அமைப்பு இதில் முன்னோடி. புகையிலை வரியிலிருந்து பணம் எடுத்து, சிகரெட் கம்பெனிகள் விளையாட்டுக்குத் தந்துவந்த ஆதரவைத் தானே ஈடுசெய்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஹெல்த்வே அதே வழியில் போய், தன்னிடம் ஆதரவு வாங்கும் விளையாட்டு, கலை அமைப்புகள் புகையில்லா இடங்களை உருவாக்க வேண்டும் என்றும் கேட்டது. “வாங்காதே” என்று மட்டும் சொல்லாமல் “நாங்கள் தருகிறோம், இதைச் செய்” என்று சொன்னதால்தான் அது நடந்தது.

நான்காவது, விடுவதற்கு உதவி. ஊழியர்களுக்கு ஆலோசனை, சிகிச்சைக்கு வழிகாட்டல், அதற்கான நேரம். மருத்துவம், மனநலம், மறுவாழ்வு போன்ற துறைகளில் இன்னும் ஒன்று சேரும்: வருகிற ஒவ்வொருவரிடமும் புகையிலைப் பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்து உதவி தருவது.

இந்த நான்கு போதும். ஐந்தாவதாக ஏதாவது சேர்க்கச் சொல்லிக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் வருவார். நன்றி சொல்லி, அடுத்த சுற்றுக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தண்டனையின் அளவை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இதற்கு உலகிலேயே நன்றாகப் படிக்கக்கூடிய பாடம் அமெரிக்காவின் சைனார் திருத்தம்.

1992ல் வந்த அந்தச் சட்டத்துக்கு ஒக்லஹோமா பிரதிநிதி மைக் சைனாரின் பெயர். போதைப் பழக்கத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் மாநிலங்களுக்குத் தரும் தொகுப்பு மானியத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சிறுவர்களுக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கும் சட்டம் மாநிலத்தில் இருக்க வேண்டும், அதை அமல்படுத்த வேண்டும், கடைகளில் முன்னறிவிப்பில்லாமல் மாதிரிச் சோதனை செய்து முடிவைக் காட்ட வேண்டும். சோதனையில் விதி மீறும் கடைகளின் விகிதத்தை 20 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. தவறினால் மானியத்தில் 40 சதவீதம் வரை வெட்டு.

பலன் கிடைத்தது. 1997ல் நாடு முழுவதும் சுமார் 40 சதவீதமாக இருந்த மீறல் விகிதம், பதினைந்து ஆண்டுகளுக்குள் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தது. சரி, 40 சதவீத வெட்டுதான் இதைச் செய்ததா? அந்த வெட்டு யாரைக் காயப்படுத்தியிருக்கும் என்று பாருங்கள். விற்பது கடைக்காரர். சோதனை செய்வது பல மாநிலங்களில் வேறொரு துறை. வெட்டு விழுவதோ சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நோயாளியின் தலையில். இதை எந்த அரசியல்வாதியும் செய்யத் துணிய மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இலக்கைத் தவறவிட்ட மாநிலங்கள் வந்தபோது, முழு வெட்டுக்குப் பதிலாக மாநிலமே தன் சொந்தப் பணத்தை அமலாக்கத்தில் கூடுதலாகச் செலவிடலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் வழி திறந்துவிட்டது. என் பார்வையில் சைனாரின் உண்மையான வெற்றி அங்கேதான். ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் அளந்து அறிக்கை தர வேண்டியிருந்தது, தவறினால் அந்த வேலைக்கே இன்னும் பணம் போட வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் விற்பனை வயதை 21 ஆக்கியபோது, வெட்டின் உச்சவரம்பையும் 40லிருந்து 10 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்.

எனவே உங்கள் நிபந்தனைக்கு மூன்று விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை நீங்கள் உண்மையிலேயே செயல்படுத்தத் தயாராக இருக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். அது தவறு செய்தவரின் மீது விழட்டும், சேவை பெறுபவரின் மீது விழக் கூடாது. முடிந்தால் வெட்டிய பணம் அரசுக் கருவூலத்துக்குத் திரும்பாமல், அதே அமைப்பில் குறையைச் சரிசெய்யும் வேலைக்கே ஒதுக்கப்படட்டும்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது: முதல் ஆண்டு வெட்டே இல்லை. இரண்டாம் ஆண்டு முதல், விதிமுறை எழுதி ஒப்படைக்கும்வரை அடுத்த தவணை காத்திருக்கும். பிறகும் நடக்கவில்லை என்றால் நிர்வாகச் செலவுப் பங்கில் ஒரு சிறு பகுதி நிறுத்தப்படும். ஒப்பந்த ரத்து என்பது கடைசிப் படி. அதையும் எழுதுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. தண்டனைக்குப் பதில் ஊக்கம் தரலாம். விண்ணப்ப மதிப்பீட்டில் புகையிலையில்லாக் கொள்கை உள்ளவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவது எளிது, சண்டை குறைவு. முதல் சுற்றுக்கு நல்ல வழி. ஆனால் மதிப்பெண்ணோடு நின்றுவிட்டால், ஏற்கெனவே நல்லபடியாக நடப்பவர்களுக்குப் பரிசு கொடுத்ததாக முடியும். மாற வேண்டியவர்கள் மாறியிருக்க மாட்டார்கள்.

படி 4: நிபந்தனையை எழுதுங்கள்

நீளம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் சட்டப் பிரிவு செதுக்க ஒரு வரைவு:

“நிதி பெறும் அமைப்பு, ஒப்பந்தம் தொடங்கிய 6 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான புகையிலையில்லாக் கொள்கை ஒன்றை நிர்வாகக் குழுவில் நிறைவேற்றி அதன் நகலை ஒப்படைக்க வேண்டும். இந்த நிதியில் நடக்கும் பணிக்குப் பயன்படும் எல்லாக் கட்டடங்களிலும், அவற்றை ஒட்டிய வாயில், நடைபாதை, வாகன நிறுத்துமிடத்திலும், அமைப்பின் வாகனங்களிலும் எந்தப் புகையிலைப் பொருளையும் மின்சிகரெட்டையும் ஊழியரோ பார்வையாளரோ பயன்படுத்தக் கூடாது. மருத்துவ ஆலோசனையுடன் பயன்படுத்தும் நிகோட்டின் சிகிச்சைப் பொருள்களுக்கு இது பொருந்தாது. ஒப்பந்தக் காலத்தில் புகையிலைத் தொழிலிடமிருந்தோ அதன் சார்பில் இயங்கும் அமைப்பிடமிருந்தோ பணமாகவோ பொருளாகவோ எந்த ஆதரவும் பெறக் கூடாது. விட விரும்பும் ஊழியருக்கு உதவி வழங்கவோ உதவி கிடைக்கும் இடத்துக்கு அனுப்பவோ வேண்டும். இந்த நிதியின் எந்தப் பகுதியையும் வேறொரு அமைப்புக்கு வழங்கினால் இதே நிபந்தனைகள் அந்த ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும்.”

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய அமைப்பு கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் நிபந்தனை வழியிலேயே கரைந்துபோகும். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், மத்திய அரசின் நிதியில் குழந்தைகளுக்குக் கல்வி, நூலகம், பராமரிப்பு, மருத்துவம் போன்ற சேவைகள் தரும் கட்டடங்களுக்குள் புகைப்பதைத் தடுத்தது. மானியம் வாங்குபவர் அதற்கு உறுதிமொழி தர வேண்டும், தான் பிரித்துக் கொடுக்கும் ஒப்பந்தங்களிலும் அதே வாசகத்தைச் சேர்க்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக அந்த உறுதிமொழி மானிய விண்ணப்பக் கட்டோடு கட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது.

விலக்குக்கும் ஒரு வழி எழுதுங்கள். வாடகைக் கட்டடத்தின் ஒரு தளத்தில் இருக்கும் சிறு அலுவலகம் வாகன நிறுத்துமிடத்தைக் கட்டுப்படுத்த முடியாது. டெக்சாஸ் நிறுவனமும் தக்க காரணம் காட்டினால் விலக்கு கேட்க இடம் தருகிறது. விலக்கு எழுத்தில் கேட்கப்பட வேண்டும், அதற்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

படி 5: வரைவை அறிவிப்பதற்கு முன் அமைப்புகளோடு உட்கார்ந்து பேசுங்கள்

மூன்று எதிர்ப்புகள் கட்டாயம் வரும்.

ஒன்று: “எங்களிடம் வருபவர்கள் ஏற்கெனவே குடியையோ போதையையோ விட முயல்கிறார்கள். சிகரெட்டையும் பிடுங்கினால் ஓடிவிடுவார்கள்.” இது மறுவாழ்வு மையங்களின் பழைய கவலை. மனதாரச் சொல்கிறார்கள், கேலி செய்யாதீர்கள். மேலே சொன்ன 1994ஆம் ஆண்டுச் சட்டம்கூட, உள்நோயாளியாகப் போதைச் சிகிச்சை நடக்கும் பகுதிகளுக்கு விலக்குத் தந்திருந்தது. ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் வேறு திசையைக் காட்டின. போதைச் சிகிச்சையின்போதே புகையிலையை விடவும் உதவி பெற்றவர்கள், மதுவிலிருந்தும் போதைப் பொருள்களிலிருந்தும் நீண்டகாலம் விலகியிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2004ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கண்டது. மனநலத்திலும் அப்படித்தான். விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததையே 2014ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு காட்டியது. நியூயார்க் மாநிலம் 2008 ஜூலையில், தான் சான்றளிக்கும் அல்லது நிதி தரும் எல்லாப் போதைச் சிகிச்சைத் திட்டங்களையும் புகையிலையில்லாதவையாக மாற்றச் சொன்னது. ஊழியர்களும் அதில் அடக்கம். ஊழியர்தான் முக்கியம், ஏனென்றால் பல மையங்களில் நோயாளியோடு வெளியே நின்று புகைப்பது அவர்தான்.

இரண்டு: “அது அவரவர் உரிமை.” வாதாட வேண்டாம். நிபந்தனை ஆளைப் பற்றியதல்ல, இடத்தைப் பற்றியது என்று காட்டுங்கள். புகைப்பவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றோ வேலைக்கு வெளியே புகைக்கக் கூடாது என்றோ ஒருபோதும் எழுதாதீர்கள். அது வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பது, மேலும் புகையிலைப் பழக்கம் ஏழைகளிடமே அதிகம் என்பதால் தண்டனையும் அவர்களுக்கே போகும்.

மூன்று: “எங்களுக்கு ஆள் இல்லை, நேரம் இல்லை.” இதுதான் உண்மையான எதிர்ப்பு. மற்ற இரண்டும் பல நேரம் இதன் வேஷம்தான். இதற்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது.

படி 6: உதவிக்குப் பணம் ஒதுக்குங்கள்

நிபந்தனை வைத்துவிட்டு உதவி தராத துறை, காகிதம் மட்டுமே கேட்கிறது என்று அர்த்தம். அமைப்புகளும் அப்படியே புரிந்துகொண்டு காகிதத்தை மட்டுமே தரும்.

தேவைப்படுவது பெரிய தொகை அல்ல. ஒரு மாதிரிக் கொள்கை, அமைப்பின் பெயரைப் போட்டு நிரப்பக்கூடிய வடிவில். பலகைகள், மக்கள் பேசும் மொழியில். தொலைபேசியில் கேள்வி கேட்க ஒரு ஆள், நிஜமாகவே எடுத்துப் பேசுகிற ஆள். மேலாளர்களுக்கு அரைநாள் பயிற்சி, அதில் பாதி நேரம் “வளாகத்தில் புகைப்பவரிடம் எப்படிப் பேசுவது” என்ற ஒத்திகைக்கு. பிறகு, மருந்துச் செலவை மானியத்திலிருந்தே செய்யலாம் என்ற அனுமதி. இந்தக் கடைசி விஷயம் பல இடங்களில் மாட்டிக்கொள்கிறது. நிகோட்டின் மாற்றுப் பொருள்கள் 2009லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன, புகையை விட உதவும் மாத்திரைகளான வரெனிக்ளினும் புப்ரோபியோனும் 2021ல் சேர்ந்தன. ஆனால் மானியச் செலவுத் தலைப்புகளில் அவற்றுக்கு இடம் இல்லை என்றால் கணக்காளர் மறுத்துவிடுவார். செலவுத் தலைப்பைத் திருத்துங்கள், அது ஒரு வரி வேலை.

இன்னொன்று, உங்கள் சொந்த வீடு. நிபந்தனை விதிக்கும் அலுவலகத்தின் மாடிப்படியில் சிகரெட் துண்டு கிடந்தால் முதல் கள ஆய்விலேயே பேச்சு அங்கே திரும்பும். உங்கள் துறையின் ஓய்வூதிய நிதி புகையிலைப் பங்குகளில் இருக்கிறதா என்றும் பார்த்து வையுங்கள். யாராவது கேட்பார்கள்.

படி 7: தேதிகளைப் போடுங்கள்

கையெழுத்துக்கு முந்தைய மாதங்கள்தான் பலம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். டெக்சாஸில் நடந்தது அதற்கு நல்ல சாட்சி. 2007ல் வாக்காளர்கள் அனுமதித்த 300 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்தில் உருவான அந்தப் புற்றுநோய் நிறுவனம், 2012ல் புகையிலையில்லாக் கொள்கையை மானிய நிபந்தனையாக்கியது. அந்த மானியம் வாங்கும் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் வளாகம் முழுவதையும் புகையிலையில்லாததாக அறிவித்தது. வெட்டு வரும் முன்பே ஆராய்ச்சியாளர்கள், நிர்வாகத்தின் கதவைத் தட்டியிருப்பார்கள். நிபந்தனை நிர்வாகத்தோடு மட்டும் பேசாமல், பணத்தை நம்பியிருக்கும் உள்ளாட்களையும் உங்கள் பக்கம் கொண்டுவருகிறது.

பொதுவாக ஒரு நல்ல கால அட்டவணை இப்படி இருக்கும். விண்ணப்பம் கோருவதற்கு 6 மாதம் முன்பு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். விண்ணப்பப் படிவத்திலேயே “கொள்கை இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது நிறைவேற்றுவீர்கள்” என்று கேளுங்கள். கையெழுத்தான 6 மாதத்தில் கொள்கை, 12 மாதத்தில் முழு அமல். குடியிருப்பு வசதி உள்ள அமைப்புகளுக்கு இன்னும் நேரம் கொடுங்கள். மேலே சொன்ன பொதுக் குடியிருப்பு விதிகூட 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தாலும், அமல்படுத்த 2018 ஜூலை 30 வரை, ஏறத்தாழ 18 மாதம் தந்தது. மனிதர்கள் அங்கே வசிக்கிறார்கள். அது அவர்களின் வீடு.

படி 8: சரிபார்ப்பது

அறிக்கைப் படிவத்தில் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். கொள்கை எந்தத் தேதியில் நிறைவேறியது, பலகைகள் உள்ளனவா, எத்தனை ஊழியருக்கு விட உதவி தரப்பட்டது, எத்தனை புகார் வந்தது, புகையிலைத் தொழிலிடம் எதுவும் வாங்கவில்லை என்ற உறுதிமொழி. ஏற்கெனவே அனுப்பும் ஆண்டறிக்கையிலேயே இதைச் சேருங்கள், தனி அறிக்கை கேட்காதீர்கள்.

சுய அறிக்கையை மட்டும் நம்ப முடியாது. வேறு வேலையாகப் போகும் கள ஆய்வாளரிடம் ஒரு சின்னப் பட்டியலைக் கொடுங்கள். அவர் பார்க்க வேண்டிய இடங்கள் முன்வாசல் அல்ல. பின்பக்கக் கதவு, மாடி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்புறம், கழிப்பறைச் சன்னல், ஓட்டுநர்கள் காத்திருக்கும் இடம். சிகரெட் துண்டுகளும் குட்கா பாக்கெட்டுகளும் எந்தப் படிவத்தையும்விட நேர்மையானவை. காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள், உண்மை நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

யார் புகைக்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலைக் கேட்காதீர்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை.

படி 9: மீறல் தெரிய வந்தால்

முதல் தடவை கடிதம் வேண்டாம், ஃபோன் செய்யுங்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: கொள்கையை எழுதிய மேலாளர் போய்விட்டார், புதியவருக்குத் தெரியாது. அப்புறம் எழுத்தில் ஒரு திருத்தத் திட்டம், 60 அல்லது 90 நாள் கெடுவுடன். அதற்குப் பிறகுதான் தவணை நிறுத்தம். ஒவ்வொரு கட்டமும் கோப்பில் பதிவாகட்டும், மேல்முறையீட்டுக்கு உங்கள் துறைக்குள்ளேயே ஒரு அதிகாரி இருக்கட்டும்.

விடுதிவாசியோ குத்தகைதாரரோ மீறினால் அவரை வெளியேற்றுவதை அமைப்புக்கு முதல் ஆயுதமாகக் கொடுக்காதீர்கள். வீடிழப்பு புகையை விடப் பெரிய கேடு. எச்சரிக்கை, உதவி, மறுபடியும் உதவி என்ற படிக்கட்டை நிபந்தனையிலேயே எழுதுங்கள்.

ஒரு மீறலில் மட்டும் இந்தப் பொறுமை தேவையில்லை: புகையிலை நிறுவனத்திடம் இரகசியமாகப் பணம் வாங்கியது. அது மறதியால் நடப்பதல்ல. நேரடியாக ஒப்பந்தப் பிரிவின்படி நடவடிக்கை எடுங்கள், முடிவைப் பொதுவில் வெளியிடுங்கள்.

படி 10: என்ன மாறியது என்று பார்ப்பது

கொள்கை வைத்திருக்கும் அமைப்புகளின் எண்ணிக்கை நூறு சதவீதத்தைத் தொட்டதும் கொண்டாடிவிடுவது வழக்கம். அது காகிதக் கணக்கு. கேட்க வேண்டியது வேறு: வளாகத்துக்குள் புகை குறைந்ததா, விட முயன்ற ஊழியர்கள் எத்தனை பேர், உதவி கிடைத்ததா. முழுமையாகப் புகையில்லா வேலையிடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, அங்கே புகைப்போர் விகிதம் 3.8 சதவீதப் புள்ளிகள் குறைந்ததாகவும், தொடர்ந்து புகைத்தவர்களும் நாளுக்கு சுமார் 3 சிகரெட் குறைத்ததாகவும் கண்டது. இதுதான் நியாயமான எதிர்பார்ப்பின் அளவு. ஒரே ஆண்டில் பாதியாகக் குறைந்தது என்று எந்த அமைப்பாவது எழுதினால், பாராட்டுக் கடிதத்துக்கு முன் ஒரு கள ஆய்வு அனுப்புங்கள்.

அளவீட்டைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். கையெழுத்தான மாதத்தில் பெயர் கேட்காத சிறு ஊழியர் கணக்கெடுப்பு, 12 மாதம் கழித்து அதே கேள்விகள். இதற்கு இரண்டு பக்கம்கூடத் தேவைப்படாது.

புதுப்பிக்கும் ஆண்டு வரும்போது நிபந்தனையின் பொருள் வரையறையை மட்டும் எடுத்து மறுபடி படியுங்கள். வாயில் வைக்கும் நிகோட்டின் பை, சூடாக்கிப் பயன்படுத்தும் புகையிலை என்று சந்தை ஒவ்வொரு சில ஆண்டுக்கும் புதிதாக ஏதாவது கொண்டுவருகிறது. மூன்று ஆண்டு பழைய வரைவில் அவற்றின் பெயர் இருக்காது. திருத்திய வாசகத்தை ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தின் நடுவில் திணிக்காமல், அடுத்த விண்ணப்பச் சுற்றுக்கான படிவத்தில் 6 மாதம் முன்பே சேர்த்து வெளியிடுங்கள்.